காத்திருக்கச் சொல்வது பழுதுபார்ப்பு ஆகாது

மின்சார கார் வைத்திருப்பவர் தன் பேட்டரியைப் பற்றிக் கவலைப்பட்டால் உடனே ஒரு பதில் வந்து விழுகிறது. "பெட்ரோல் கார்தான் அதிகம் எரிகிறது. கம்பெனியே ரீகால் அறிவித்து, காசு வாங்காமல் சரிசெய்து தருகிறது. கொஞ்சம் பொறுத்தால் என்ன? எதற்கு இந்தப் பீதி?" விற்பவர்களும் சொல்கிறார்கள், மின்வாகனங்களை மனதார நேசிப்பவர்களும் சொல்கிறார்கள். கேட்க நியாயமாகவே இருக்கிறது. அமெரிக்காவில் செவ்ரோலெட் போல்ட் வாங்கியவர்களுக்கு 2020 முதல் நடந்ததை வரிசையாகப் பார்த்தால் அந்த நியாயம் நிற்பதில்லை.

போல்ட், ஜெனரல் மோட்டார்ஸ் தயாரிப்பு. மிச்சிகன் மாநிலத்தின் ஓரியன் ஆலையில் உருவாகி 2016 இறுதியில் விற்பனைக்கு வந்தது. ஒருமுறை முழுதாக சார்ஜ் செய்தால் 383 கி.மீ. ஓடும் என்றது அரசின் மதிப்பீடு. நடுத்தரக் குடும்பம் எட்டிப்பிடிக்கக்கூடிய விலையில் அவ்வளவு தூரம் ஓடும் மின்சார கார் அன்று அபூர்வம். பேட்டரி செல்கள் தென்கொரியாவின் எல்ஜி நிறுவனத்துடையவை. 2020 அக்டோபரில், நிறுத்தி வைத்திருந்த மூன்று போல்ட் கார்கள் எரிந்ததாக வந்த புகார்களையொட்டி அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணை தொடங்கியது. நவம்பரில் உலகெங்கும் சுமார் 68,000 கார்களுக்கு ரீகால் அறிவிக்கப்பட்டது. அதற்குள் உறுதியான தீவிபத்துகள் ஐந்து. புகையால் பாதிக்கப்பட்டவர்கள் இருவர்.

பெட்ரோல் கார்தான் அதிகம் எரிகிறது என்ற வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அது உண்மை, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் போல்ட் உரிமையாளர் கேட்ட கேள்விக்கு அது பதிலே அல்ல. உலகிலுள்ள எல்லா மின்சார கார்களையும் பற்றி அவர் கேட்கவில்லை. தன் வீட்டுக் கராஜில் நிற்கும், உற்பத்திக் குறை இருக்கலாம் என்று தயாரித்த நிறுவனமே கடிதம் எழுதிவிட்ட, அந்த ஒரு காரைப் பற்றிக் கேட்கிறார். பின்னர் கண்டறியப்பட்ட காரணம் இது: ஒரே செல்லுக்குள் ஆனோடின் முனை கிழிந்தும், இரு மின்வாய்களையும் ஒன்றோடொன்று தொடவிடாமல் பிரிக்கும் மெல்லிய படலம் மடிந்தும் இருந்தால் உள்ளுக்குள்ளேயே குறுஞ்சுற்று ஏற்படுகிறது. ஒரு செல் சூடேறிப் பக்கத்துச் செல்லைச் சூடாக்க, அது அடுத்ததைச் சூடாக்க, வெப்பம் கட்டுமீறிப் போகிறது. இரண்டு குறைகளும் ஒருசேர அமைவது அரிது. எரிந்தவை பத்துக்குச் சற்று மேல்தான். ரீகாலுக்கு உட்பட்டவையோ கடைசியில் சுமார் 1,42,000. ஆனால் அந்தச் சில கார்கள் எவை என்பது வெளியிலிருந்து பார்த்துத் தெரியாது.

எரியும் விதமும் வேறு. ஓடும்போது இன்ஜின் பக்கம் புகை வந்தால் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி இறங்கி ஓடலாம். போல்ட், ஓடாமல் நிற்கும்போதே, சார்ஜரிலிருந்து கழற்றிய பிறகும்கூடத் தீப்பிடிக்கலாம் என்று எச்சரித்தது பாதுகாப்பு நிர்வாகம். தீ மூண்டது பின்னிருக்கைக்கு அடியில். குழந்தையின் இருக்கையைப் பொருத்தும் இடம் அதுதான். அமெரிக்கப் புறநகர் வீடுகளில் கராஜ் வீட்டோடு ஒட்டியே இருக்கும். பல வீடுகளில் படுக்கையறை அதற்கு மேலேயே. இரவு முழுக்க அங்கே சார்ஜ் போட்டுவிட்டு உறங்குவதுதான் மின்சார காரின் பெரிய வசதியாகச் சொல்லி விற்கப்பட்டது.

"மென்பொருளைப் புதுப்பித்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும்" என்பது அடுத்தது. இந்த வாதத்துக்குத்தான் அனுபவம் மிகக் கடுமையான பதிலைத் தந்தது. 2020 நவம்பரில் தந்த தற்காலிகத் தீர்வு, சார்ஜை 90 சதவீதத்தோடு நிறுத்தும் மென்பொருள். 2021 ஏப்ரலில் இதுவே இறுதித் தீர்வு என்று சொல்லி, குறையைக் கண்டுபிடிக்கும் வேறொரு மென்பொருளை ஏற்றி, 90 சதவீத வரம்பையும் நீக்கினார்கள். ஜூலை 1 அன்று வெர்மான்ட் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் 2019 மாடல் போல்ட், அவர் வீட்டு வாசலில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தபோது எரிந்தது. அந்தக் காருக்கு ரீகால் வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. சரிசெய்யப்பட்ட இன்னொரு காரும் எரிந்த பிறகு, காரை வெளியே நிறுத்துங்கள், இரவில் சார்ஜ் போடாதீர்கள் என்று அதே மாதம் நிறுவனம் மறுபடி எழுதியது.

இது போல்டுக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை. எல்ஜி செல்களையே பயன்படுத்திய ஹூண்டாய் கோனாவுக்கும் 2020-ல் மென்பொருள்தான் மருந்தாகத் தரப்பட்டது. 2021 ஜனவரியில் தென்கொரியாவின் டேகு நகரில், ரீகால் வேலை முடிந்த ஒரு கோனா எரிந்தது. அடுத்த மாதமே, உலகெங்கும் சுமார் 82,000 வாகனங்களின் பேட்டரியை மாற்றப்போவதாக ஹூண்டாய் அறிவித்தது. செலவு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி வோன். இதில் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு: சென்னையை அடுத்த ஹூண்டாய் ஆலையில் பூட்டப்பட்டு இந்தியச் சாலைகளுக்கு வந்த கோனாக்களில் 456 கார்கள் 2020 டிசம்பரில் பேட்டரிச் சோதனைக்காகத் திரும்ப அழைக்கப்பட்டன.

மென்பொருள் வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். செல்லின் மின்னழுத்தத்தை நுணுக்கமாகக் கண்காணித்துக் கோளாறை முன்கூட்டிக் காட்ட அதனால் முடியும். கிழிந்ததை ஒட்டவோ மடிந்ததை நிமிர்த்தவோ முடியாது. ஒருமுறை "சரியாகிவிட்டது" என்று சொல்லி, அதன் பிறகும் கார் எரிந்திருக்க, இரண்டாம் முறை சொல்வதை உரிமையாளர் சந்தேகத்தோடு கேட்டால் அதைப் பீதி என்பது அநியாயம்.

"வெளியே நிறுத்தினால் போதுமே!" இதை எளிதாகச் சொல்பவர்கள் உரிமையாளர்களுக்கு வந்த அறிவுரைகளைச் சேர்த்துப் படித்திருக்க மாட்டார்கள். 90 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதீர்கள். மிச்சம் 113 கி.மீ.க்குக் கீழே இறங்க விடாதீர்கள். அடிக்கடி சார்ஜ் போடுங்கள், ஆனால் இரவில் கட்டடத்துக்குள் போடாதீர்கள். வாகன நிறுத்தக் கட்டடம் என்றால் மேல்தளத்தில், மற்றக் கார்களிலிருந்து 50 அடி தள்ளி நிறுத்துங்கள்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 383 கி.மீ.யில் 90 சதவீதம் சுமார் 345. அதில் தொடக்கூடாத 113 போனால் கையில் நிற்பது ஏறக்குறைய 230 கி.மீ. மிச்சிகன் குளிரில் அதுவும் சுருங்கும். அடுக்குமாடியில் குடியிருப்பவர் 50 அடி காலியிடத்துக்கு எங்கே போவார்? அலுவலகக் கார் நிறுத்துமிடத்தில் போல்டை உள்ளே விடவில்லையென்றால் யாரிடம் முறையிடுவார்? இத்தனைக்கும் மாதத் தவணை ஒரு டாலர்கூடக் குறையவில்லை. முழுக் காருக்குப் பணம் கட்டிக்கொண்டு பாதிக் காரை ஓட்டியவர் எரிச்சல்படாமல் என்ன செய்வார்?

கடைசியில் பேட்டரியையே மாற்றித் தருவதாகச் சொன்ன நிறுவனம் அதற்கும் காக்கவைத்தது. இந்தத் தாமதத்துக்கு யாரும் பொறுப்பில்லை, ஒன்றரை லட்சம் பேட்டரியை ஒரே நாளில் செய்ய முடியுமா என்று கேட்பார்கள். முடியாதுதான். உற்பத்தி முறையையே திருத்தாமல் புதுப் பேட்டரி செய்தால் பழைய குறைதான் புதிதாக வரும். ஜெனரல் மோட்டார்ஸ் 2021 ஆகஸ்டில் ஓரியன் ஆலையில் போல்ட் உற்பத்தியை நிறுத்தி, 2022 ஏப்ரல் வரை பெரும்பாலும் மூடியே வைத்து, வந்த பேட்டரிகளைப் பழைய கார்களுக்குத் தந்தது. அந்த முடிவைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் கஷ்டம் எல்லாருக்கும் ஒன்றுபோல் இல்லை. 2021 அக்டோபரிலேயே, ரீகால் செலவான சுமார் 200 கோடி டாலரில் 190 கோடி வரை எல்ஜி ஈடுகட்டுவதாக இரு நிறுவனங்களும் பேசி முடித்துவிட்டன. உரிமையாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கில் 15 கோடி டாலர் நிதிக்கு உடன்பாடு வந்தது 2024-ல். நிறுவனங்களின் நஷ்டக் கணக்குக்கு வாரங்கள் போதுமாக இருந்தன. வாங்கியவர்களின் கணக்குக்கு ஆண்டுகள் ஆயின.

இடையில் 2023-ல் இன்னொரு திருப்பம். 2020 முதல் 2022 வரையிலான மாடல்களை வைத்திருக்கும் எல்லாருக்கும் புதுப் பேட்டரி கிடையாது என்றும், கண்காணிப்பு மென்பொருளை ஏற்றினால் ஏறக்குறைய 10,000 கி.மீ. ஓடும்வரை 80 சதவீதம்தான் சார்ஜ் ஏறும் என்றும், அதற்குள் கோளாறு தெரியவில்லை என்றால் வரம்பு தானாக நீங்கும் என்றும் நிறுவனம் அறிவித்தது. குறையுள்ள பேட்டரியை மட்டும் மாற்றுவது பொறியியல் நோக்கில் நியாயமான வழிதான். ஆனால் வாரம் 100 கி.மீ. ஓட்டுபவருக்கு 10,000 கி.மீ. என்பது இரண்டு ஆண்டு. புதுப் பேட்டரி வரும் என்று அதற்கு முன்பே இரண்டு ஆண்டு காத்திருந்தவர் அவர்.

அமெரிக்கச் சட்டம் இந்தத் தாமதத்தை இயல்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பழுதுபார்க்கக் கொண்டுவந்த காரை 60 நாளுக்குள் ஒழுங்காகச் சரிசெய்யாவிட்டால், நியாயமான காலத்துக்குள் செய்யத் தவறியதற்கு அதுவே முதல்நிலைச் சான்று என்கிறது. அப்படித் தவறினால் வேறு கார் தர வேண்டும் அல்லது தேய்மானம் போகப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அரசு நினைத்தால் அந்த 60 நாளை நீட்டிக்கலாம். ரீகால் வேலை முடியாத புதுக் காரை டீலர் விற்கக் கூடாது. பெரிய வாடகைக் கார் நிறுவனங்கள் அப்படிப்பட்ட காரை வாடகைக்கு விடக் கூடாது. முன்பே பணம் கட்டி வாங்கிய குடும்பம் மட்டும் அதே குறையுள்ள காரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லலாம்.

புகார் சொல்வது மின்வாகனங்களுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தரும் என்ற பேச்சுக்கு நீண்ட பதில் தேவையில்லை. உரிமையாளர்கள் வாய்திறந்ததால்தான் விசாரணையே தொடங்கியது. போல்டைத் தேடி வாங்கியவர்கள் இந்தத் தொழில்நுட்பத்தை மற்றவர்களுக்கு முன்பே நம்பியவர்கள்.

அவர்கள் கேட்பதும் எட்டாத ஒன்றல்ல: பழுதுபார்க்க ஒரு தேதி, அதுவரை ஓட்ட மாற்றுக் கார், தேதி தர முடியாவிட்டால் காரைத் திரும்ப வாங்கிக்கொள்வது. போல்ட் உரிமையாளர்கள் சிலரிடம் ஜெனரல் மோட்டார்ஸே கார்களைத் திரும்ப வாங்கியிருக்கிறது. ஜாகுவார் ஐ-பேஸ் காருக்கு மீண்டும் மீண்டும் ரீகால் வந்து, 80 சதவீத வரம்பும் வெளியே நிறுத்தும் அறிவுரையும் தொடர்ந்த பிறகு, அமெரிக்காவில் 2019 மாடலில் 2,760 கார்களைத் திரும்ப வாங்கிக்கொள்வதாக 2024-ல் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது.