ஆகாய சாரதியின் சாக்ஷியம்

எஜமானரின் ரகசியம் வண்டியோட்டிக்குத் தெரியாமல் இராது என்பது நம் எல்லோருடைய எண்ணம். எங்கே போனார், யாருடன் போனார் என்பதை அவரைவிட யார் அறிவார்? 2021-ஆம் வருஷம் நவம்பர் மாதக் கடைசியில், நியூயார்க் மன்ஹாட்டனிலுள்ள ஸமஷ்டி நீதிமன்றத்தில் கிஸ்லேன் மாக்ஸ்வெல் என்ற சீமாட்டியின் மேல் வழக்கு நடந்தது. அதிலே அரசாங்கத் தரப்பார் முதல் சாக்ஷியாக அழைத்தது ஓர் ஆகாய விமானியைத்தான்.

அவருடைய எஜமானர் ஜெஃப்ரி எப்ஸ்டீன் என்னும் கோடீசுவரர். சிறு வயதுப் பெண்களைக் கெடுத்த குற்றத்திற்காக 2019 ஜூலையில் கைதாகி, விசாரணைக்கு முன்பே ஆகஸ்டு 10-ந் தேதி சிறையில் மாண்டவர். அப்பெண்களை அவருக்குத் தேடிக் கொடுத்தவள் என்பது சீமாட்டியின் மேல் குற்றச்சாட்டு.

விமானி 1991 முதல் 2019 வரையில் எப்ஸ்டீனிடம் உத்தியோகம் பார்த்தவர். மன்ஹாட்டனில் மாளிகை, பாம் பீச்சில் பங்களா, நியூ மெக்ஸிகோவில் பெரும் பண்ணை, பாரிஸில் ஜாகை, வர்ஜின் தீவுகளில் ஒரு தீவே சொந்தம் என்று வரிசையாகச் சொன்னார். (மனிதருக்குப் படுத்துறங்க எத்தனை கூரைதான் வேண்டும்!) கம்பெனிகள் நூறு பேருக்கு மேல் ஏற்றிச் சென்ற போயிங் 727 ஜாதி விமானம் ஒன்றும் அவருக்கு இருந்தது. அப்போது அரச குமாரராயிருந்த ஆண்ட்ரூ, மாஜி ஜனாதிபதி கிளிண்டன் முதலியோர் பிரயாணம் செய்ததையும் விமானி ஒப்புக்கொண்டார். எஜமானருக்கு அடுத்த ஸ்தானம் சீமாட்டிக்கே என்பது அவர் வாக்கு.

ஆனால் தகாத காரியம் எதையும் தாம் கண்டதில்லை என்றார். விமானி அறையின் கதவு சாதாரணமாக மூடியே இருக்குமாம். வெளியே வரக் கூடாதென்று எஜமானர் ஒருநாளும் தடுத்ததில்லையாம். வீடு கட்டிக்கொள்ள நிலமும், பிள்ளைகளின் படிப்புக்குப் பணமும் அந்த எஜமானர் அளித்தவை என்பது விசாரணையில் வெளிவந்தது. பிள்ளைகளின் சம்பளத்தைக் கட்டுவதற்குப் பெற்றோர் படும் பாட்டை மாதந்தோறும் பார்க்கும் உபாத்தியாயராகிய நமக்கு, அந்த உபகாரத்தின் கனம் நன்றாகத் தெரியும். விமானி பொய் சொன்னார் என்று நாம் சொல்லவில்லை. அவர் மேல் குற்றச்சாட்டும் கிடையாது. ஏறக்குறைய முப்பது வருஷ காலம் ஒரு கதவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் அதைத் திரும்பிப் பார்க்க எண்ணவில்லையா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

ஒன்றும் காணாத இந்தச் சாக்ஷியால் அரசாங்கத் தரப்பாருக்கு என்ன பிரயோஜனம்? வீடுகளும் வழிகளும் ஜூரிகளின் மனத்தில் முதலில் பதிந்துவிட்டன. பிறகு நான்கு பெண்மணிகள் கூண்டேறி, இன்ன ஊரில், இன்ன வீட்டில் என்று தங்கள் கதையைச் சொன்னார்கள். இருவருக்கு அக்காலத்தில் வயது 14. டிசம்பர் 29-ந் தேதி, ஆறு குற்றங்களில் ஐந்து ருஜுவாயின. 2022 ஜூனில் சீமாட்டிக்கு 20 வருஷச் சிறை விதிக்கப்பட்டது.

மற்றொரு விமானி தம் தொழில் வழக்கப்படி எழுதி வைத்த பிரயாணக் குறிப்புகளும் அவ்விசாரணையில் தாக்கலாயின. தேதி, புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர், ஏறியவர்கள் எல்லாம் அவற்றில் உண்டு. சிலருக்குப் பெயர், சிலருக்கு முதலெழுத்து. பெயர் தெரியாத இடங்களில் ‘ஒரு பெண்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது.