மூன்று தண்ணீர் ஊற்றும்வரை

நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாம் என்பது ஏழு நாள். ஓர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐம்பது மாணவர்கள் ஒன்றாக உண்டு, ஒன்றாகப் படுத்து, ஊர்வேலை செய்வது. சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு முகாமுக்கு நான் திட்ட அலுவலராக இருந்தேன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் வழியில், விக்கிரவாண்டியைத் தாண்டி உள்ளே பிரியும் ஒரு சிற்றூர். மூன்றாம் நாள் மாலை ஒரு மாணவன் சட்டையைக் கழற்றியபோதுதான் முதுகெங்கும் கொப்புளங்கள் தெரிந்தன. சின்னம்மை.

காய்ச்சல் முதல் நாளே இருந்திருக்கிறது. மாத்திரை போட்டு மறைத்திருக்கிறான். “நடுவுல போனா சர்டிபிகேட் கிடையாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க” என்றான். உண்மைதான். பேருந்தில் ஏறும்போது நான் சொன்ன வாக்கியம் அது. ஒழுங்கு நடவடிக்கை என்று நினைத்துக்கொண்டு சொன்னது.

எங்களுக்குச் சமைத்துப் போட்ட வீட்டின் மருமகள் ஏழு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணிக்குச் சின்னம்மை வந்தால் நுரையீரல் வரை போகும் என்பது அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் நடுங்கியிருப்பேன். அவ்வீட்டு மூதாட்டி பள்ளிக்கு வந்து, வாசலில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிட்டு இரண்டே கேள்விகள் கேட்டார். “இந்தப் புள்ளைங்கள்ல யார் யாருக்கு முன்னாடியே வார்த்திருக்கு? இவன் பக்கத்துல படுத்தது யாரு?” இரண்டுக்கும் என்னிடம் விடையில்லை. என் கையிலிருந்த பட்டியலில் பெயர், வகுப்பு, சாதிப் பிரிவு, இரத்த வகை எல்லாம் இருந்தன. மருமகளுக்குச் சிறுவயதிலேயே அம்மை வந்து போயிருந்ததை அந்தப் பாட்டி நினைவில் வைத்திருந்தார். அன்று எங்களைக் காத்தது அந்த நினைவு ஒன்றுதான்.

தொல்காப்பியர் சொல்லும் எண்வகை வனப்பில் முதலாவது ‘அம்மை’ என்று ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். நோய்க்கும் அதே சொல் எப்படி வந்து சேர்ந்தது என்று ஒரு மாணவர்கூடக் கேட்டதில்லை. அது கிடக்கட்டும். நம் ஊர்களில் அம்மை கண்ட வீட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது: வேப்பிலை கட்டினால் அயலார் உள்ளே வரக்கூடாது, வீட்டார் விசேஷங்களுக்குப் போகக்கூடாது, மூன்று தண்ணீர் ஊற்றும்வரை நோயாளி வெளியே வரக்கூடாது. கொப்புளமெல்லாம் பொருக்குத் தட்டும்வரை தனித்திருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதும் ஏறத்தாழ அந்தக் கணக்குதான். ஐதீகத்தின் பெயரால் மருத்துவமனைக்குப் போகாமல் உயிர்விட்டவர்களும் உண்டு. அதை நான் போற்றவில்லை. ஆனால் அந்தச் சட்டத்தில் விலகியிருப்பவருக்குத் தண்டனை இல்லை. அம்மை வந்தவனை வேலைக்கு வரவில்லையே என்று ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். நம் கல்வி நிலையங்களோ நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுக்கின்றன.

2019இல் அமெரிக்காவில் 1,200 பேருக்கும் மேல் தட்டம்மை கண்டது. நியூயார்க் பகுதியின் வைதிக யூதக் குடியிருப்புகளில்தான் பெரும்பகுதி. அங்கே பிள்ளைகளைக் கோடை முகாம்களுக்கு அனுப்புவது பெரிய வழக்கம். அவ்வாண்டு ராக்லண்ட் மாவட்ட நிர்வாகம் தடுப்பூசிக்கான சான்று இல்லாதவர்களுக்கு முகாமில் இடமில்லை என்றது. ஜூன் மாதம் நியூயார்க் மாநிலம் பள்ளிகளில் மதக் காரணத்துக்கான விலக்கையே நீக்கியது. யூத மதகுருமார்களில் பலர் உயிர்காப்பதே முதற்கடமை என்று தடுப்பூசியின் பக்கம் நின்றார்கள்.

இதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லமாட்டேன். சின்னம்மைத் தடுப்பூசி நம் அரசின் இலவசப் பட்டியலில் இல்லை; தனியாரிடம் காசு கொடுத்துப் போட வேண்டும். ‘ஊசி போடாதவனுக்கு இடமில்லை’ என்றால் முதலில் வெளியே நிற்பவன் கூலிவீட்டுப் பிள்ளைதான். ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு என்ன தடை? 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி தமிழகப் பள்ளிகளில் போடப்பட்டது. வாட்ஸ்அப் வதந்திகளைக் கேட்டுப் பெற்றோர் பலர் அன்று பிள்ளைகளை வீட்டிலேயே நிறுத்திக்கொள்ள, இயக்கம் மார்ச் வரை நீண்டது. இன்று என் வகுப்பில் அமர்ந்திருப்பவர்கள் அந்தப் பிள்ளைகள்தாம். யார் போட்டுக்கொண்டார்கள், யார் அன்று லீவு போட்டார்கள் என்பது எந்தக் கல்லூரிக் கோப்பிலும் இல்லை. விடுதியில் ஒரு கூடத்தில் இருபது பேர் படுக்கிறார்கள்.

சேர்க்கைப் படிவத்தில் இரண்டு வரி போதும்: என்னென்ன தடுப்பூசி போட்டிருக்கிறாய், அம்மை முன்பு வந்திருக்கிறதா. முகாம் விதிகளில் ஒரு வரி: காய்ச்சலென்று சொல்லி வீடு திரும்புபவருக்கு முகாம் நாள்கள் குறையா. ‘அப்படியானால் எல்லோருமே காய்ச்சல் என்பார்கள்’ என்றார் சக பேராசிரியர் ஒருவர். சிலர் சொல்லட்டும். பொய்க் காய்ச்சல் யாருக்கும் தொற்றுவதில்லை.

அந்த மாணவனை அன்றிரவே வாடகை வண்டி பிடித்து வீட்டுக்கு அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து அவனருகில் படுத்திருந்த மூவருக்கும் வந்து, எல்லோரும் தேறினார்கள். வருகைப் பதிவேட்டில் ஏழு நாளும் அவன் முகாமில் இருந்ததாக எழுதிக் கையெழுத்திட்டேன். பொய்தான், விதிப்படி அவனுக்குச் சான்றிதழ் கிடைக்க வேறு வழியில்லை.