சிப்பாயின் சாவுக்கு ரத்தத்தின் மேல் பழியா?

ஆண்டுதோறும் டிசம்பர் 7ந் தேதி கொடி நாள் கொண்டாடப்படுகிறது. 1949 முதல் நடந்துவரும் வழக்கம் இது. உண்டியல் குலுக்கப்படுகிறது. மந்திரிகள் சட்டையில் கொடி குத்திக்கொண்டு வீர வணக்கம் செலுத்துகிறார்கள். மறுநாள், அந்தச் சிப்பாய் எப்படிப் பிழைக்கிறார் என்று கேட்பாரில்லை.

கோவையில் அவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. மில் கேட்டிலும் பாங்க் வாசலிலும் இரவெல்லாம் கண் விழித்து நிற்கும் வாட்ச்மேனிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "பட்டாளத்துல இருந்தேனுங்க" என்பார் பலர். நாற்பதை எட்டுமுன்பே படையை விட்டு வந்தவர்கள் இவர்களில் ஏராளம். பிள்ளைகள் படிக்கும் வயது. கடன் கழுத்தை நெரிக்கும் காலம். துணைக்கு நின்ற கூட்டாளிகள் திசைக்கொருவராய்ப் போய்விட்டார்கள். கண்டதையும் பட்டதையும் வீட்டில் சொல்லவும் முடிவதில்லை. சிலர் குடியில் விழுகிறார்கள். சிலர் உயிரையே மாய்த்துக்கொள்கிறார்கள்.

2016 நவம்பரில் நடந்ததை நாடு மறக்கலாகாது. ஹரியானாவைச் சேர்ந்த ஓய்வு பெற்ற சுபேதார் ராம் கிஷன் கிரேவால், 'ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன்' கேட்டுப் போராடி, தலைநகர் டில்லியிலேயே உயிரை விட்டார். ராணுவத் தளபதியாக இருந்து மந்திரியான வி.கே.சிங் அப்போது சொன்னது என்ன? இறந்தவரின் மனநிலை என்னவென்று விசாரிக்க வேண்டுமாம்! பென்ஷனை விட்டுவிட்டு மனநிலையை விசாரிக்கக் கிளம்பினார்கள்.

விஞ்ஞானத்தை நாம் மறுக்கவில்லை. தற்கொலை நாட்டத்தில் பரம்பரைக்கும் பங்கு உண்டென்று இரட்டையரை வைத்து நடந்த ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அமெரிக்காவில் 2011ல் தொடங்கிய மரபணு ஆராய்ச்சியில் 2023க்குள் பத்து லட்சம் முன்னாள் படைவீரர்கள் சேர்ந்தார்கள். தற்கொலைக்கென்று தனி மரபணு எதுவும் அகப்படவில்லை. எத்தனையோ மரபணுக்கள்; ஒவ்வொன்றுக்கும் அணுவளவு பங்கு. ரத்தத்தைப் பார்த்து, இன்னார் சாவார் என்று எவராலும் சொல்ல முடியாது.

மானாவாரிக் காட்டில் விதை கிடந்தால் மட்டும் முளைத்துவிடுமா? ஈரம் வேண்டும். வேலையின்மை, கடன், தனிமை, தீராத உடல்வலி, ஆறாத போர்க்கள நினைவு இவைதான் அந்த ஈரம். 2022ல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட 1,70,924 பேரில் நூற்றுக்கு 26 பேர் தினக்கூலிகள். தினக்கூலிகளின் ரத்தம் மட்டும் தனி ரத்தமா?

அதே கணக்கில் 'ஓய்வு பெற்றோர்' என்று ஒரு வரிசை உண்டு. முன்னாள் படைவீரர் என்ற வரிசை இல்லை. அமெரிக்காவில் ஆண்டுக்கு 6,000 பேருக்கு மேல் இப்படிச் சாகிறார்கள் என்று எண்ணியாவது வைத்திருக்கிறார்கள். இங்கே எண்ணவே இல்லை. எண்ணாத சாவுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

இது போதாதென்று 2022ல் அக்னிபத் வந்தது. அந்த விதிப்படி நான்கே ஆண்டு வேலை. நூற்றுக்கு 25 பேருக்கு மேல் நீடிக்க முடியாது. மற்றவர்களுக்குப் பென்ஷன் இல்லை, கிராச்சுவிட்டி இல்லை. கையில் சுமார் 11.71 லட்சம்; அதிலும் பாதி அவர்கள் சம்பளத்தில் பிடித்த பணம். இருபத்தைந்து வயதுக்குள் ஒரு வாலிபனை 'முன்னாள்' ஆக்கி வீதியில் நிறுத்துவது தேசபக்தியா?

மரபணுவை எந்தச் சட்டசபையாலும் மாற்ற முடியாது. பென்ஷனையும் வேலையையும் வைத்தியத்தையும் தர முடியும். முன்னாள் படைவீரர் சாவுகளை மாவட்டவாரியாகக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும். அவர்களுக்கான மருத்துவ நிலையம் ஒவ்வொன்றிலும் மனநல டாக்டர் இருக்க வேண்டும். வாட்ச்மேன்களுக்கு எட்டு மணி வேலையும் நியாயமான சம்பளமும் உறுதி செய்ய வேண்டும். அக்னிபத்தை வாபஸ் பெற வேண்டும். இவற்றை மத்திய, மாநில சர்க்கார்களிடம் வற்புறுத்துகிறோம்.

தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் தெருப் பட்டாளத்துக்காரர் பேச்சுக் குறைந்து ஒதுங்கினால், வாழ்ந்து என்ன பயன் என்று சலித்துக்கொண்டால், அலட்சியம் செய்யாதீர்கள். அருகில் உட்கார்ந்து கேளுங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணுக்குப் பேசச் செய்யுங்கள்; தேவையானால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லுங்கள். மனம் சோர்வது கோழைத்தனமல்ல. சோர்ந்தவரைத் தனியே விடுவதுதான் சமூகத்தின் குற்றம்.