டேங்க் கணக்கை விட்டுட்டு மில்லி கணக்குக்கு வாங்க

"இயற்கை மருந்துல பயிர் கருகாதுன்னு சொன்னீங்களே அண்ணே?" என்று கேட்டபடி, கருகிய கத்திரி இலைகளோடு வந்து நின்றார் எங்கள் குழு நண்பர் ஒருவர். என்ன தெளித்தீர்கள் என்றேன். மீன் அமிலம், பத்து லிட்டர் தண்ணீருக்கு அரை லிட்டர். யார் சொன்னது என்று கேட்டால், சட்டைப் பையிலிருந்து என் கையெழுத்துச் சீட்டையே எடுத்து நீட்டுகிறார். "10 லி. தண்ணீருக்கு 0.05 லி." என்று எழுதியிருந்தேன். அதாவது 50 மில்லி. அவர் கண்ணுக்கு அது 0.5 ஆகத் தெரிந்திருக்கிறது. ஒரு பூஜ்யம் போனதில் மருந்து பத்து மடங்கு ஆகிவிட்டது.

தப்பு அவர் மேல் இல்லை, என் மேல்தான். 1 லிட்டர் என்பது 1,000 மில்லி. 0.05-ஐ ஆயிரத்தால் பெருக்கி 50 என்று நானே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். வயலில் நிற்கிறவருக்குப் புள்ளிக் கணக்கு எதற்கு?

இதைவிடப் பெரிய குழப்பம் 'டேங்க்' கணக்கு. பஞ்சகவ்யம் 3 சதவீதம் என்றால் லிட்டருக்கு 30 மில்லி. நாமோ "டேங்குக்கு 300 மில்லி" என்றே பயிற்சியில் சொல்லிப் பழகிவிட்டோம். எந்த டேங்குக்கு? 10 லிட்டர் டேங்குக்கு அது சரி. இன்றைக்குப் பலரிடம் இருப்பது 16 லிட்டர் பேட்டரி தெளிப்பான். அதற்கு 480 மில்லி வேண்டும். 20 லிட்டர் டேங்க் என்றால் 600. பதினாறில் முந்நூறை ஊற்றினால் 2 சதவீதம்கூட வராது. அப்புறம் "பஞ்சகவ்யம் அடிச்சேன், ஒண்ணும் தெரியல" என்ற பேச்சுதான் ஊருக்குள் பரவுகிறது. ரசாயனக் கம்பெனி நம்மைக் கெடுப்பது இருக்கட்டும், நம் அளவே நம்மைக் கெடுக்கிறது. மூடிக் கணக்கும் இப்படித்தான்; பாட்டிலுக்குப் பாட்டில் மூடி மாறும். இருமல் மருந்தோடு வருகிற கோடு போட்ட மூடியைத் தூக்கி எறியாதீர்கள், சின்ன அளவுக்கு அது போதும். மாட்டு டாக்டர் ஊசியில் சொல்கிற 'சிசி'யும் மில்லியும் ஒன்றேதான்.

"உழவனுக்கு எதுக்குய்யா இந்தக் கணக்கெல்லாம்?" என்று சிலர் கேட்கிறார்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டு படி ஒரு மரக்கால் என்று களத்திலேயே மனக்கணக்குப் போட்டவர்கள் நம் தாத்தா பாட்டிகள். அந்தப் படியும் ஊருக்கு ஊர் மாறியது. லிட்டர் எங்கே போனாலும் லிட்டர்தான்.

மில்லியில் விட்டதைவிடக் கன மீட்டரில் நாம் விடுவது அதிகம். இன்னொரு நண்பர் பண்ணைக்குட்டை வெட்டலாம் என்று இருந்தார். நீளம் 20 மீட்டர், அகலம் 10, ஆழம் 2. பெருக்கினால் 400 கன மீட்டர். ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர்தானே என்று நூறால் பெருக்கி, "நாற்பதாயிரம் லிட்டருக்கா இவ்வளவு இடத்தை விடணும்?" என்று திட்டத்தையே கைவிடப் பார்த்தார். பத்து சென்டிமீட்டர் நீளம், அகலம், உயரம் உள்ள பெட்டி ஒரு லிட்டர் பிடிக்கும். ஒரு மீட்டர் பெட்டிக்குள் அப்படிப்பட்டவை நீளத்தில் பத்து, அகலத்தில் பத்து, உயரத்தில் பத்து, ஆக 1,000 அடங்கும். எனவே ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர். அவர் குட்டை பிடிப்பது 4 லட்சம் லிட்டர். கரைச் சரிவு, ஆவியாதல், கசிவு எல்லாம் போகக் கொஞ்சம் குறையும், அது வேறு. ஒரு ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். அதில் 5 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் கட்ட ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் ஆகும். காய்கிற நேரத்தில் ஒரு ஏக்கருக்கு ஒன்றரைத் தண்ணீராவது கிடைக்கும் என்றால் அது சின்ன விஷயமா?

ஏரி வண்டல் எடுக்கும்போதும் இதே கதைதான். நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 என்று அரசு உத்தரவில் இருக்கிறது. நமக்குத் தெரிந்ததோ 'லோடு'. டிப்பரின் உள் நீளம், அகலம், உயரத்தை மீட்டரில் அளந்து பெருக்கிப் பாருங்கள். 3 கன மீட்டர் வண்டி என்றால் 75-க்கு 25 நடை. இது தெரியாதவரிடம் பதினெட்டு நடையிலேயே "முடிஞ்சது" என்று சொல்லிவிட்டுப் போக முடியும்.

இந்த இதழில் எழுதுகிற நண்பர்களும் இனி டேங்க், மூடி என்று எழுதாமல் "லிட்டருக்கு இத்தனை மில்லி" என்றே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் அவரவர் டேங்கைக் கையோடு கொண்டு வாங்க. ஒரு லிட்டர் அளவையால் தண்ணீர் ஊற்றி, லிட்டருக்கு ஒரு கோடாகப் பெயிண்ட்டில் போட்டுவிடலாம். பெயிண்ட் டப்பா நான் வாங்கி வர்றேன்.