தெருவிளக்கும் தீர்மானப் புத்தகமும்!

டில்லியில் யார் மந்திரி, கோட்டையில் யார் மந்திரி என்று டீக்கடைப் பெஞ்சியில் மணிக்கணக்கில் வாதாடுகிறோம். நம் தெருமுனை விளக்கு எரிந்து எத்தனை நாளாயிற்று, அதை எரிய வைக்க வேண்டியவர் யார், அதற்குரிய பணம் எங்கே முடங்கிக் கிடக்கிறது என்று கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இல்லை. ஊர்ப் பெரிய மனிதர்கள் பிழைப்பது இந்த மௌனத்தில்தான், தோழர்களே!

ஊராட்சியின் அன்றாட அலுவல் என்ன? குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, குப்பை, சுடுகாட்டுப் பாதை. அற்பக் காரியங்கள் என்று மேட்டுக்குடியினர் சிரிக்கக்கூடும். அவர்கள் வீட்டில் மோட்டார் உண்டு, இன்வெர்ட்டர் உண்டு. காலையில் குழாயில் தண்ணீர் வராவிட்டால் அரைநாள் கூலியை இழப்பவள் விவசாயத் தொழிலாளியின் மனைவி. அவளுக்கு இது அற்பமன்று, அரசியல்!

பணம் யாருடையது? வீட்டுவரி கட்டுவது நாம். குழாய்க் கட்டணம் கட்டுவது நாம். மேலிருந்து வரும் மானியமும் பிச்சையன்று. தீப்பெட்டி முதல் செருப்பு வரை வாங்கும்போது நாம் செலுத்திய வரியே திரும்பி வருகிறது. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை வகுத்த ஏற்பாட்டில், ஊராட்சி மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்குமே செலவாக வேண்டும். ஆக, குழாய் வறண்டால் அதைத் திட்டத்தின் குற்றம் என்று தள்ளிவிட முடியாது. கேட்பாரில்லாத குற்றம் அது.

இந்தப் பணப்பெட்டிக்குப் பூட்டுகள் இரண்டு.

முதல் பூட்டு, கையெழுத்து. தலைவர் மட்டும் ஒப்பமிட்டால் ஊராட்சிப் பணம் நகராது. துணைத்தலைவரின் ஒப்பமும் வேண்டும். தலைவரை ஊரார் நேரே தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பதவி தாழ்த்தப்பட்ட பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டால், ஆதிக்கக்காரர் துணைத்தலைவர் நாற்காலியைப் பிடிக்கிறார். பேனாவை மூடி வைத்துக்கொள்கிறார். விளக்கு அணைகிறது. “அந்த அம்மாளுக்கு நிர்வாகம் தெரியவில்லை” என்று அவரே ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்! 1997இல் மேலவளவில் தலைவர் முருகேசனை வெட்டிக் கொன்றார்கள். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தலில் 1996இல் ஒதுக்கிய நாற்காலிக்கு 2006 வரை முறையாக ஆள் வரவிடவில்லை. அரிவாள் செய்த வேலையை இன்று பல ஊர்களில் மூடிய பேனா செய்கிறது. ஆயுதம் மாறியதே தவிர ஆதிக்கம் மாறவில்லை.

இரண்டாம் பூட்டு, தேர்தலில்லாமை. ஐந்தாண்டு முடியுமுன் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டம். நடந்தது என்ன? 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் வந்தது 2019 டிசம்பரில். அதுவும் 27 மாவட்டங்களுக்கு மட்டும். மற்ற 9 மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. 2019இல் வந்த 9,624 தலைவர்களின் காலமும் 2025 ஜனவரியில் முடிந்தது. மறுபடியும் தனி அலுவலர்கள் வந்து அமர்ந்தார்கள். 2016இல் இருந்தது ஒரு ஆட்சி, 2025இல் இருந்தது வேறு ஆட்சி. கொடி மாறியது, கோலம் மாறவில்லை.

“அதிகாரி இருந்தால் ஊழல் குறையுமே” என்று சிலர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 2019, 2021 தேர்தல்களைச் சந்தித்த ஊராட்சிகள் 12,525. ஒன்றியங்கள் 388. ஒன்றியத்துக்குச் சராசரி 32 ஊர்கள். வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவரே அத்தனைக்கும் தலைவர், துணைத்தலைவர், உறுப்பினர் எல்லாம்! அவர் உத்தமராகவே இருக்கட்டும். முப்பத்திரண்டு ஊரின் குழாயடிக்கு அவர் எப்போது வருவார்? களவாடிய தலைவரை வீதியில் நிறுத்திக் கேட்கலாம், அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பலாம். அதிகாரியை எந்தத் தேர்தலில் தோற்கடிப்பது? போதாக்குறைக்கு, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருக்க வேண்டும் என்பது நிதிக்குழு மானியத்தின் நிபந்தனை. தேர்தலைத் தள்ளிப்போட்டவர் கோட்டையில் இருக்க, தண்டனை குழாயடிக்கு!

உத்திரமேரூர்க் குடவோலையைப் பற்றி மேடைதோறும் பெருமை பேசுகிறார்கள். 10ஆம் நூற்றாண்டின் அந்தக் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் பதவிக்கு நிற்கக்கூடாது என்கிறது. நல்ல விதி! ஆனால் நிலமும் வேதக் கல்வியும் உள்ளவர்க்கே அன்று ஓலை. உழுதவனுக்கு இல்லை. கணக்குக் கேட்கும் அந்த விதியை எடுத்துக்கொள்வோம். உழைப்பவனை வெளியே நிறுத்திய விதியைக் குப்பையில் எறிவோம்.

நாம் செய்ய வேண்டியது என்ன? ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். 500 பேர் உள்ள ஊருக்கு 50 பேர் வரவேண்டும். 3,000 வரை 100 பேர். 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். ஆள் வராத ஊரில் தீர்மானப் புத்தகம் வீடுவீடாகப் போகிறது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையொப்பம் வாங்கிக்கொள்கிறார்கள்.

எனவே கிளைத் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான். மே தினத்தன்று கொடியேற்றியதும் கலைந்து போகாதீர்கள். பெண்களையும் அழைத்துக்கொண்டு நேரே கிராமசபைக்குப் போங்கள். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, நிலுவை எவ்வளவு என்று கேளுங்கள். சேரித் தெருவுக்கு எத்தனை விளக்கு, ஊர்த் தெருவுக்கு எத்தனை விளக்கு என்று எண்ணிக்கை கேளுங்கள். ஒப்பமிட மறுக்கும் துணைத்தலைவர் இருந்தால் காரணத்தைச் சபையிலேயே சொல்லச் சொல்லுங்கள். தேர்தல் நடக்காத ஊரானால், தேர்தல் வேண்டும் என்றே தீர்மானம் கொண்டு வாருங்கள். நீங்கள் சொன்னது புத்தகத்தில் ஏறியதா என்று படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

தெருவிளக்கைக் கேட்கத் துணிந்தவன்தான் நாளை நிலத்தையும் கூலியையும் கேட்பான். ஆதிக்கக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவேதான் அந்தச் சின்ன நாற்காலிக்கு அவர்கள் இவ்வளவு பெரிய சண்டை போடுகிறார்கள். நமக்கும் அது தெரிய வேண்டாமா?