எண்ணெய் கேட்காத புஷ்!

மெக்கானிக்கல் மக்களே, ஒரு கேள்வி. (ஆர்ட்ஸ் குரூப் ஓடிடாதீங்க, மேட்டர் உங்களுக்கும்தான்!) வீட்டுல தையல் மிஷினுக்கு அப்பப்போ எண்ணெய் விடறாங்க. ஆனா மிக்ஸிக்கு யாராவது எண்ணெய் விட்டுப் பார்த்திருக்கீங்களா? நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுத்துற அந்த மோட்டாருக்குள்ள ஷாஃப்ட்டைத் தாங்கிப் பிடிக்கிறது, பெரும்பாலும் ஒரு குட்டி வெண்கல புஷ். அது தனக்கு வேண்டிய எண்ணெயைத் தானே சுமந்துக்கிட்டு வந்திருக்கு. 'செல்ஃப் லூப்ரிகேட்டிங்' பேரிங்னு சொல்றது இதைத்தான்.

எண்ணெய் விடறது என்ன பெரிய விஷயம்னு கேட்கலாம். துணி நெய்யற மிஷின்ல ஒரு சொட்டு சிந்தினா துணி போச்சு. பிஸ்கட் பாக்கெட் போடற மிஷின்ல கிரீஸ் வடிஞ்சா கேக்கவே வேணாம். அணைக்கட்டு டர்பைன்ல தண்ணிக்குள்ள இருக்கிற புஷ்ஷுக்கு யார் போய் எண்ணெய் விடறது?

மரத்துல பேரிங்!

இந்த ஐடியா புதுசு இல்லை. லிக்னம் வைட்டேன்னு ஒரு மரம். கரீபியன் பக்கம் வளர்றது. தண்ணியில போட்டா மூழ்கிடும், அவ்வளவு கனம். உள்ளுக்குள்ளேயே எண்ணெய்ப் பசையான பிசின் இருக்கும். கடல் கடிகாரத்தால் பேர் வாங்கிய ஜான் ஹாரிசன், அதுக்கு முன்னாடியே 1720-களில் எண்ணெயே தேவைப்படாத மரக் கடிகாரங்கள் செஞ்சார். அதில் தேயற இடங்களுக்கு இந்த மரத்தைத்தான் வெச்சார். 1850-களில் நீராவிக் கப்பல்களோட புரொப்பெல்லர் ஷாஃப்ட் உலோக புஷ்ஷைத் தின்னு தீர்த்தப்போ, ஜான் பென் என்ற இன்ஜினீயர் இதே மரப் பட்டைகளை வெச்சுப் பிரச்னையைத் தீர்த்தார். கடல் தண்ணியே அதுக்கு மசகு!

அடுத்தது வெண்கல ஸ்பாஞ்ச். சுமார் 90 சதவிகிதம் செம்பு, 10 சதவிகிதம் வெள்ளீயம். இதைத் தூளா அச்சில் அழுத்தி, முழுக்க உருகாத அளவுக்குச் சூடாக்குவாங்க. துகள்கள் ஒட்டிக்கும், நடுவுல நுண்துளைகள் மிஞ்சும். வெற்றிடத்தில் வெச்சு அதுக்குள்ள எண்ணெய் ஏத்தினா புஷ் ரெடி. ஷாஃப்ட் சுத்தும்போது சூடாகி எண்ணெய் வெளியே வரும். நின்னதும் விளக்குத் திரி எண்ணெய் உறிஞ்சற மாதிரி உள்ளே போயிடும். உங்க மிக்ஸி கதை இதுதான்.

காலி சிலிண்டர் தந்த பொருள்

1938 ஏப்ரல் 6. அமெரிக்காவில் டூபான்ட் ஆய்வகம். ராய் பிளங்கெட் ஃப்ரிட்ஜுக்கான வாயுக்களை ஆராய்ஞ்சுக்கிட்டு இருந்தார். ஒரு சிலிண்டரைத் திறந்தா வாயு வரலை. எடை மட்டும் அப்படியே இருக்கு. அறுத்துப் பார்த்தா உள்ளே வழுவழுன்னு வெள்ளைத் தூள். அதுதான் பிடிஎஃப்இ, நம்ம நான்-ஸ்டிக் தவாவோட டெஃப்லான்.

'அப்புறம் என்ன, அதிலேயே புஷ் செஞ்சுட வேண்டியதுதானே?' ம்ஹூம். வழுக்கறதில் கில்லி, பலத்தில் சொதப்பல். சீக்கிரம் தேயும், பாரம் வெச்சா மெள்ள நசுங்கும், சூட்டையும் வெளியே கடத்தாது. இங்கேதான் காம்போசிட் வருது. 1950-களில் இங்கிலாந்தின் கிளேசியர் கம்பெனி மூணு அடுக்கு புஷ் ஒண்ணை மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்தது. கீழே ஸ்டீல் தகடு. அதுமேல கால் மில்லிமீட்டர் கனத்துக்கு வெண்கல ஸ்பாஞ்ச். அதோட துளைகளில் பிடிஎஃப்இ கலவை. பாரத்தை ஸ்டீல் பார்த்துக்கும், சூட்டை வெண்கலம் கடத்திடும், வழுக்கறது மட்டும் பிடிஎஃப்இ வேலை. நல்ல ஹாஸ்டல் ரூம் மாதிரி, ஆளுக்கொரு டிபார்ட்மென்ட்!

ஓட ஆரம்பிச்சதும் கொஞ்சம் பிடிஎஃப்இ ஷாஃப்ட் மேல மெல்லிசா ஒட்டிக்கும். அதுக்கப்புறம் உரசறது ரெண்டு பக்கமும் பிடிஎஃப்இதான். அதனால ஷாஃப்ட் சொரசொரப்பா இருந்தா மொத்தமும் வேஸ்ட்.

இன்னொரு வகை, பிடிஎஃப்இ நூலை நெய்து, பின்னால் கண்ணாடி இழையும் எபாக்ஸியும் சுத்தினது. துருப்பிடிக்காது. நீர்மின் நிலையத்தில் டர்பைனுக்குள் போற தண்ணியைக் கட்டுப்படுத்தும் விக்கெட் கேட்டுகளுக்கு முன்னெல்லாம் கிரீஸ் பம்ப் பண்ணுவாங்க. அதில் ஒரு பங்கு ஆத்துலதான் கலக்கும். பல நிலையங்கள் கிரீஸே வேண்டாத இந்த மாதிரி புஷ்ஷுக்கு மாறினதுக்கு அதுவும் ஒரு காரணம்.

கணக்குல கோட்டை விடாதீங்க

இன்டர்வியூவில் கேட்டா சொல்லுங்க: பி.வி. அழுத்தத்தை வேகத்தால் பெருக்கினா வர்றது. 20 மி.மீ. விட்டம், 20 மி.மீ. நீளம் உள்ள புஷ். 500 நியூட்டன் பாரம், 600 ஆர்.பி.எம். அழுத்தம் 1.25 மெகாபாஸ்கல். வேகம் நொடிக்கு 0.63 மீட்டர். பெருக்கினா சுமார் 0.79. வெறும் பிடிஎஃப்இக்கு 0.1 கூட ஓவர், ஒரேயடியா உட்கார்ந்துடும். மூணு அடுக்கு புஷ் தாக்குப்பிடிக்கும். கேட்லாக்கில் அழுத்தம் தனியா சரி, வேகம் தனியா சரினு பார்த்து ஓகே சொல்றவங்கதான் மாட்டுவாங்க. ரெண்டும் சேர்ந்து கிளப்புற சூடுதான் வில்லன்.

ஒரு சிக்கல் பாக்கி இருக்கு. பழைய கலவையில் ஈயம் இருந்தது. விஷம் என்பதால் பல இடங்களில் ஈயமில்லாத ரகம் வந்தது. இப்போ பிடிஎஃப்இ மேலேயே கேள்வி. எளிதில் சிதையாத 'பிஎஃப்ஏஎஸ்' ரசாயனக் குடும்பத்தில் அதுவும் ஒண்ணு. அதைத் தயாரிக்க ஒரு காலத்தில் உதவிய 'பிஎஃப்ஓஏ' ரசாயனம், 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் ஏறியது. அந்தக் குடும்பத்தையே கட்டுப்படுத்தணும்னு ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன், நார்வே சேர்ந்து 2023-ல் ஐரோப்பாவில் திட்டம் வெச்சாங்க. ஆத்துல கிரீஸ் கலக்காம காப்பாத்தின பொருளே மண்ணுல சேரக் கூடாத பொருளா நிக்குது!

பதிலுக்கு என்ன? கிராஃபைட்டுக்குக் காத்துல கொஞ்சம் ஈரம் வேணும், வெற்றிடத்தில் வேலை செய்யாது. மாலிப்டினம் டைசல்ஃபைடு நேர் எதிர்: வெற்றிடத்தில் ராஜா, ஈரத்தில் சோர்ந்துடும். எல்லா இடத்துக்கும் பொருந்துற ஒண்ணு இன்னும் சிக்கலை.

உராய்வைப் படிக்கிற துறைக்கு 'டிரைபாலஜி'னு பேர். 1966-ல் பிரிட்டனில் பீட்டர் ஜாஸ்ட் தலைமையிலான குழு, உராய்வையும் தேய்மானத்தையும் ஒழுங்கா கவனிச்சா வருஷம் 51.5 கோடி பவுண்டு மிச்சமாகும்னு கணக்குச் சொன்னப்போ பிரபலமான பேர். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடறவங்களே, சீனியரோட பழைய ரிப்போர்ட்டைத் தூசு தட்டறதை விட்டுட்டு, லேப்ல 'பின் ஆன் டிஸ்க்' மிஷின் இருக்கானு விசாரிங்க. பிடிஎஃப்இ இல்லாத ஒரு கலவையை அதில் ஓட்டி எவ்வளவு தேயுதுன்னு அளந்து பாருங்க. வைவாவில் சொல்றதுக்கு உங்களுக்குன்னு ஒரு கதை இருக்கும்.