வஜ்ராயுதம் இறங்கும் மலைகள்

இமாசலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கில், சுமார் 2,460 மீட்டர் உயரமுள்ள மலையுச்சியில் எழுந்தருளியிருக்கிறார் பிஜிலி மகாதேவர். ‘பிஜிலி’ என்றால் இந்தி மொழியில் மின்னல். ஆலயத்தின் முன் ஏறத்தாழ 60 அடி உயரக் கம்பம் ஒன்று நிற்கிறது. அதன் வழியே இறங்கும் மின்னலால் சிவலிங்கம் பிளவுபடும் என்றும், அர்ச்சகர் வெண்ணெய் சாத்தி அதனை மீண்டும் ஒன்று சேர்ப்பார் என்றும் அங்குள்ள மக்கள் பக்தியோடு கூறுகின்றனர். ஊருக்கு வரும் இடரை ஈசன் தம் திருமேனியில் ஏற்றுக்கொள்கிறார் என்பது அவர்களது நம்பிக்கை.

இந்திரனின் வஜ்ராயுதம் எனப் புராணங்கள் போற்றும் மின்னல், உலகெங்கும் ஒரே அளவில் இறங்குவதில்லை. வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்று விரைந்து மேலெழும் இடங்களிலேயே இடிமேகங்கள் திரள்கின்றன. மேகத்தினுள் பனித்துகள்களும் சிறு ஆலங்கட்டிகளும் மோதுவதால் மின்னூட்டம் பிரிந்து பெருகுகிறது. அது பாய்வதே மின்னல். கடலைவிட நிலம் விரைவில் சூடேறுவதால் நிலத்தின்மேல் மின்னல் அதிகம். குளிர்ந்த துருவப் பகுதிகளில் அது மிக அரிது.

மலைகள் சூழ்ந்திருந்தால் காற்று மேலெழுவது இன்னும் எளிது. தென் அமெரிக்காவின் வெனிசுவேலா நாட்டிலுள்ள மரக்காய்போ ஏரியே இதற்குச் சான்று. மூன்று புறமும் மலைகள் சூழ்ந்த அந்த ஏரியின்மேல் நிற்கும் வெம்மையான ஈரக்காற்றை, இரவில் மலைச்சரிவுகளிலிருந்து இறங்கும் குளிர்காற்று மேலே தள்ளுகிறது. ஆண்டில் சுமார் 300 நாட்கள் அங்கு இடிமழை உண்டு. ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ 233 மின்னல்கள் தோன்றுவதாகச் செயற்கைக்கோள் பதிவுகளை ஆராய்ந்தோர் 2016-இல் அறிவித்தனர். உலகில் அதுவே முதலிடம். ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டின் மலைப்பகுதியும், ஆசியாவில் பாகிஸ்தானின் வடமேற்கு மலையடிவாரமும் முன்னிற்கின்றன.

சூழ்ந்துள்ளவற்றுள் ஓங்கி நிற்பதையே மின்னல் பெரும்பாலும் நாடும். மலையுச்சிக் கம்பத்துக்கும், வெட்டவெளியில் நிற்கும் தனிமரத்துக்கும், அதனடியில் ஒதுங்கும் மனிதருக்கும் இது பொருந்தும். பாரத நாட்டில் ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டோர் மின்னலால் உயிரிழக்கின்றனர். ஆகவே, மலைக்கோயில்களுக்குச் செல்லும் அடியார்கள் இடியோசை கேட்டவுடன் மரத்தடியை நாடாமல், உறுதியான கட்டடத்துக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ புகுந்துவிட வேண்டும். கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடங்கள் பொறுத்தே வெளிவர வேண்டும். அவ்வாறு காத்திருந்து தரிசிப்பது பக்திக்குக் குறைவாகாது. ஈசன் அளித்த உயிரைப் பேணுவதும் அவனுக்குச் செய்யும் தொண்டே.